வீடியோக்காரர் ஏறிய கப்பல்

அவருடைய முகத்தை லண்டன் தமிழர்களில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். முதுகைப் பார்த்திருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம், பெரியவளான பிள்ளைக்குச் சாமத்தியவீட்டில் தண்ணீர் வார்க்கும் நேரம், பிறந்தநாளில் கேக் வெட்டும் நேரம், சனத்துக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு அகலமான முதுகு வந்து நிற்கும். கறுப்பு அங்கி, அது முழுக்கப் பைகள், ஒவ்வொரு பையிலும் ஒரு பற்றரி. பின்னால் இருக்கிறவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக் களைத்து, "தம்பி, கொஞ்சம் விலத்தும், நாங்களும் பாக்கத்தானே வந்தனாங்கள்" என்பார்கள். அவர் திரும்பவே மாட்டார். "வீடியோவில பாருங்கோ. அதில இதைவிட வடிவா இருக்கும்" என்பார்.

அந்த முதுகு லூயிஷாமில் எங்கள் வீட்டு மேல் அறையில் பல வருஷம் வாடகைக்கு இருந்தது. ஆகையால் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வட்ட முகம். கமராவுக்குள் பார்த்துப் பார்த்து இடது கண் பாதி மூடினபடியே நின்றுவிட்டது. தேத்தண்ணி குடிக்கும்போதும் அப்படித்தான். புதிதாகப் பார்க்கிறவர்கள், இந்த ஆள் ஏன் எனக்குக் கண்ணடிக்கிறார் என்று யோசிப்பார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளைச் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது விளங்கிவிடும். ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கோயிலில் யாரோ சொல்லி எங்கள் வீட்டு அறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். மணி அடித்தது, நான் கதவைத் திறந்தேன். இரண்டு பெரிய பெட்டிகளோடு நின்றார். உள்ளே வந்தார். வந்தவர் நடையில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, இது சரியா வரேல்லை" என்றார்.

"எது தம்பி?"

"நான் வந்தது. நீங்கள் கதவைத் திறக்கேக்க கையில துடைக்கிற துணி. முகத்தில ஒரு சிரிப்பும் இல்லை. ஒரு மனிசன் புது வீட்டுக்குள்ள வாறது இப்பிடியே? நான் வெளியில போறன். நீங்கள் பூட்டிப்போட்டு இன்னொருக்காத் திறவுங்கோ."

கையில் கமராகூட இல்லை. இதை யாரும் படம் பிடிக்கப்போவதுமில்லை. என்னை ஏவுகிறதற்கு இந்த உலகத்தில் ஆள் கிடையாது. என் மாமியாரே ஏவிப் பார்த்துக் கைவிட்டவர். ஆனாலும் அன்றைக்குத் துணியை மேசையில் வைத்துவிட்டு, தலைமயிரைத் தடவிக்கொண்டு, திரும்பவும் கதவைத் திறந்தேன். சிரித்தும் இருப்பேன் என்று நினைக்கிறேன். "இதுதான் அக்கா, இதுதான்" என்று சொல்லி வலது காலை எடுத்து வைத்து வந்தார். வெளியில் நல்ல மழை. பெட்டி இரண்டும் ஊறிப்போய்விட்டன. உள்ளே ரீவி பார்த்துக்கொண்டிருந்த இவர், அதுதான் என் வீட்டுக்காரர், "ஆர், ரண்டு பேரே வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

பிறகு பழகிவிட்டது. ஒருநாள் மீன் பொரித்துவிட்டு அடுப்பைத் துடைக்காமல் மேலே போய்விட்டார். என் அடுப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். நான் அவரைக் கீழே கூப்பிட்டு நல்ல ஏச்சு ஏசினேன். கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பாதிக் கண்ணோடு கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும், "அக்கா, நடுவில கையைத் தூக்கினீங்கள் பாருங்கோ, அது அருமை. முதல் பாதிதான் கொஞ்சம் கெதியாப் போட்டுது. ஆறுதலா இன்னொருக்கா ஏசுங்கோ" என்றார்.

ஏசினேன். பொய் சொல்லக் கூடாது, இரண்டாம் தரம் நன்றாகத்தான் வந்தது. மூன்றாம் தரம் ஏசுவதற்கு என்னிடம் கோபம் மிச்சம் இருக்கவில்லை. அடுப்பை நானே துடைத்தேன்.

கல்யாண வீடுகளில் அவர் செய்தவற்றைச் சொல்லப் போனால் பொழுது போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை தாலியை எடுத்துப் பெண்ணின் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் பூவும் அரிசியும் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறோம். அந்த நேரம் பார்த்து முதுகு கையை உயர்த்தியது.

"மாப்பிள்ளை, அப்பிடியே நில்லுங்கோ. பற்றரி முடிஞ்சுது."

ஒவ்வொரு பையாகத் தேடத் தொடங்கினார். மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். நாதஸ்வரக்காரரின் கன்னம் பலாப்பழம்போல வீங்குகிறது. ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. "முகூர்த்தம் போகுது, விடுமப்பா, கட்டட்டும்" என்றார்.

"ஐயா, முகூர்த்தம் போனால் பஞ்சாங்கத்தில இன்னொண்டு இருக்கும். இந்த வெளிச்சம் போனால் நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

பற்றரி கிடைத்தது, தாலி ஏறியது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. "முடிச்சுப் போடேக்க மாப்பிள்ளையின்ர முகத்தில ஒரு பயம் தெரியுது. அவிழ்க்க வேண்டாம், சும்மா கட்டுற மாதிரி இன்னொருக்கா" என்றார். லண்டனில் இப்படி இரண்டு தரம் கட்டின தாலிகள் கனக்க இருக்கின்றன. அந்தச் சோடிகள் எல்லாரும் நல்லாய்த்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. முடிச்சு இறுகிவிட்டதோ தெரியாது.

ஏன் தம்பி இப்படிச் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"அக்கா, உலகத்தில ஒண்டும் முதல் தரம் சரியா வாறேல்லை. தோசையைப் பாருங்கோ. முதல் தோசை எப்பவும் பிஞ்சுதானே போகும்."

"என்ர தோசை முதலே வட்டமா வரும்" என்றேன். அது உண்மை. அவரும் சாப்பிட்டவர்தான். எழும்பி மேலே போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் வரதனும் யோகாவும் இருக்கிறார்கள். ஒரே பிள்ளை, மதுரா. நாங்கள் மது என்று கூப்பிடுவோம். அந்தப் பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கும் எங்கள் மேல் அறைக்காரர்தான் வீடியோ. தாய்மாமன் கனடாவில் இருந்து வந்து பாலும் அறுகும் தலையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். "மாமா, நீங்கள் கமராவைப் பாத்துக்கொண்டு ஊத்துறீங்கள். பிள்ளையைப் பாத்து ஊத்துங்கோ. இன்னொருக்கா." அடுத்த தரம் மாமா பிள்ளையைப் பார்த்தார், பிள்ளை கமராவைப் பார்த்தது. அதற்கும் இன்னொருக்கா. கடைசியில் பிள்ளை தும்மத் தொடங்கிவிட்டது. அந்தப் போட்டோ அல்பத்தை இன்றைக்குத் திறந்தாலும் மது பட்டுச்சேலையில், நகை எல்லாம் போட்டு, மூக்கு மட்டும் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்து இருக்கிறாள். அன்றிலிருந்து அவரை றோட்டில் கண்டால் அவள் மற்றப் பக்கம் கடந்து போய்விடுவாள். "அம்மா, அந்த அங்கிள் இனி என்ர ஒண்டுக்கும் வரக்கூடாது" என்று தாய்க்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வரதன் நல்ல மனிதன், ஆனால் பிள்ளை விஷயத்தில் சரியான பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மதுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒருமுறை வீணைச் சோதினை, ஒருமுறை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒருமுறை மழை வருமாம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டு.

ஏ லெவல் சோதினை முடிந்ததும் இங்கே பள்ளிக்கூடங்களில் புரோம் என்று ஒரு கொண்டாட்டம் வைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் நிலத்தில் இழுபடுகிற சட்டை போட்டு, ஆம்பிளைப் பிள்ளைகள் மாப்பிள்ளை மாதிரிக் கோட்டு மாட்டி, ஆடிப் பாடிச் சாப்பிட்டுப் பிரிகிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததற்கு ஒரு கொண்டாட்டமா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு முடித்தேன். அன்றைக்கு வீட்டில் மாடு கன்று போட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

மதுவின் பள்ளிக்கூடம் அந்த முறை கப்பலில் வைத்தது. கிரீனிச் துறையில் ஏறி, தேம்ஸ் ஆற்றில் போய், ஆட்டம் பாட்டம் எல்லாம் முடித்துத் திரும்பி வருவது. யோகா சமைக்காமல், கதைக்காமல் இருந்து சண்டை பிடித்து வரதனிடம் ஓம் வாங்கிவிட்டாள். மது வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னாள்:

"அன்ரி, ஸ்கூல் ட்ரிப் ஒண்டுக்கும் நான் போனதில்லை. கோச் வெளிக்கிடேக்க கேற்றில நிண்டு கை காட்டுற ஆள் நான்தான். ஃப்ரெண்ட்ஸ் மூண்டு பேரும் எனக்கு நடுவில இடம் பிடிச்சு வைக்கினமாம். இந்த ஒரு நாள் நானும் அவையளோட ஏறோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

தாய்க்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துக் கப்பலில் போகிறாள், வீடியோ இல்லாமல் விடுவதா? ஆராத்தி எடுக்காமல் அனுப்புவதா? ஆராத்திக்கு என்னைக் கேட்டாள். இந்தப் பக்கத்தில் ஆராத்தி என்றால் என்னைத்தான் கேட்பார்கள். என் கைராசி அப்படி. வீடியோவுக்கு எங்கள் மேல்மாடிக்காரரைக் கேட்டாள். மது அழுது, கத்தி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

"அங்கிள், ஒரே ஒரு தரம். நான் நடந்து போறன், நீங்கள் எடுக்கிறீங்கள், முடிஞ்சுது."

அவர் கமராவின் மேல் கை வைத்து, "ஒரே தரம், மதுக்குட்டி. இது என்ர சோறு, இதில தொட்டுச் சொல்லுறன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரம் அவரும் அதை நம்பினார்.

அன்றைக்கு வெயில். பின்னேரம் நேரத்தோடே துறைக்குப் போய்விட்டோம். வரதன் கார் ஓட்டினார். நான் மடியில் ஆராத்தித் தட்டு, வாழைப்பழத் துண்டு, திரி, நெய் எல்லாம் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன். மது நீலச் சட்டையில், சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும், அப்படி இருந்தாள். வீடியோக்காரர் அன்றைக்குக் கோட்டு சூட்டுப் போட்டு, அதற்கு மேலே பைகள் வைத்த கறுப்பு அங்கியையும் போட்டு, வெளிநாட்டு அமைச்சரும் வீடு கட்டுகிற மேசனும் ஒன்றாய்ச் சேர்ந்த மாதிரி இருந்தார். தன்னுடைய போனை என் கையில் தந்து, "அக்கா, இதை உங்கட பையில வையுங்கோ. எடுக்கேக்க அடிச்சால் எனக்கு விசர் வரும்" என்றார்.

துறையில் ஒரு நீளமான இரும்புப் பாலம் சரிந்து தண்ணீர்ப் பக்கம் இறங்குகிறது. அதன் அடியில் கப்பல். பாலத்தில் பிள்ளைகள் நிறைந்து நின்றார்கள். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். இவர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். பள்ளிக்கூடம் வைத்த ஆள் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள்.

"யூ, ரெட் டை, கோ பாக். வன் மோர் டைம். ஸ்மைல். பியூட்டிபுல். இன்னொருக்கா."

சிவப்பு ரை கட்டின நெடுவல் பொடியன் பேசாமல் மேலே போய்த் திரும்ப நடந்து வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். ஒரு ரீச்சர், நல்ல பருத்த மனிசி, அவரையும் திருப்பி அனுப்பி இரண்டு தரம் நடக்க வைத்தார். அந்த மனிசிக்கு அது பிடித்துவிட்டது. கேட்காமலே மூன்றாம் தரமும் நடந்தார். பிள்ளைகள் நடந்து நடந்து கப்பலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதுவின் சிநேகிதிகள் மூன்று பேரும் ஏறிப் போய்க் கப்பலின் ஓரத்தில் நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மது காலை எடுத்து வைத்தாள். "பொறுங்கோ" என்றார் இவர். "கடைசியா வாறவள்தான் கதாநாயகி. எல்லாரும் ஏறட்டும். நான் உள்ளுக்க போய் நிண்டு முன்பக்கத்தால எடுக்கிறன். ஆராத்தி எடுத்து முடிய, ஒரே தரம்."

அவர் கப்பலுக்குள் ஏறிக்கொண்டார். நானும் யோகாவும் பாலத்தின் அடியில் தட்டைப் பிடித்தோம். ஆராத்திக்கு இரண்டு பேர் வேண்டும், வேறு ஆளில்லாமல் தாயே பிடித்தாள். திரியைக் கொளுத்தினேன். ஆற்றுக் காற்று வந்து அணைத்தது. திரும்பக் கொளுத்தினேன். செம்மஞ்சள் அங்கி போட்ட கப்பல் வேலைக்காரன் ஓடி வந்து தட்டைப் பார்த்து, பயரோ என்று கேட்டான். "நோ பயர். பிளெஸ்ஸிங்" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். என் கை ஆராத்தி அணைந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்குக் காற்றின் குணம் சரியில்லை.

ஒருவாறு எரிய வைத்துச் சுற்றினோம். மது ஓடிப்போய் ஒரு காலைக் கப்பல் வாசலில் வைத்துவிட்டாள். கமராவுக்குள் இருந்து குரல் வந்தது.

"மதுக்குட்டி, ஓடாதேங்கோ. ரயிலைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. மேல போய், ஆறுதலா, ஒரு அன்னம் வாற மாதிரி. இது முதல் தரம் எண்டு கணக்கெடுக்கேலாது, ஆராத்தி அணைஞ்சதால."

"அங்கிள், பிளீஸ்."

"பின்னுக்குப் போங்கோ. இன்னும் பின்னுக்கு. இன்னும்."

சின்ன வயதில் இருந்து பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டையைத் தூக்கிப் பிடித்து, பாலத்தின் மேல் அந்தம்வரை போய்விட்டாள். கப்பல்காரருக்கு வாசலில் ஒருத்தரும் தெரியவில்லை. கரையில் நிற்கிறவர்கள் எல்லாம் வழியனுப்ப வந்த சனம் என்று நினைத்திருப்பார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். ஏறு பலகையை இழுத்தார்கள். கப்பல் உறுமிக்கொண்டு கரையை விட்டது.

இவர் கமராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மதுக்குட்டி, காணும், போதும். ஏன் இன்னும் பின்னுக்குப் போறீங்கள்? கிட்ட வாங்கோ" என்று கத்தினார்.

"நான் போகேல்லை அங்கிள்" என்று மது மேலே நின்று கத்தினாள். "நீங்கள்தான் போறீங்கள்."

சிநேகிதிகள் மூன்று பேரும் கப்பல் ஓரத்தில் நின்று குழறிக் கத்தினார்கள். கப்பல் நடு ஆற்றுப் பக்கம் திரும்பியது. மது அழவில்லை. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி அவர்களுக்குக் கை காட்டினாள். அதைப் பார்த்ததும் தட்டை நிலத்தில் வைத்துவிட்டேன்.

வரதன் நெருப்பாகிவிட்டார். "அந்த ஆளுக்குப் போன் எடுக்கிறன். இண்டைக்கு இருக்கு" என்று போனை எடுத்து அடித்தார். என் கைப்பைக்குள் நாதஸ்வரம் வாசித்தது. வரதன் என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து, "வரதன், அவர் இப்ப பிஸி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்பா, விடுங்கோ" என்றாள் மது. "வீட்டை போவம். பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை?" வரதன் பாலத்தில் ஓடத் தொடங்கிவிட்டார். "காரில ஏறு. அடுத்த துறையில போய்ப் பிடிப்பம். உன்னை ஏத்தாமல் நான் வீட்டை போகமாட்டன்." பிள்ளையை ஒரு கடற்கரைக்கு விடாத மனிதன், காரைத் திறக்கிற திறப்பு எங்கே என்று தெரியாமல் காற்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக்கொண்டு நின்றார். யோகா ஒரு பக்கம் அவரைப் பிடித்தாள். காரைப் பூட்டிவிட்டு அவரே திறப்பை ஆராத்தித் தட்டில் போட்டிருக்கிறார், அது வாழைப்பழத்துக்குக் கீழே கிடந்தது. அது பிறகுதான் தெரியும்.

அந்த நேரம்தான் ஆற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பாட்டு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தமிழ். கப்பல் முழுக்கப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், ஆபிரிக்கப் பிள்ளைகள், தலையில் துணி கட்டின பிள்ளைகள், காலால் தட்டித் தட்டிக் கத்துகிறார்கள்: இன்னொருக்கா, இன்னொருக்கா, இன்னொருக்கா. அந்தப் பருத்த ரீச்சரும் கை தட்டிக் கத்துகிறார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை மதுவின் சிநேகிதிகள்தான் பிறகு சொன்னார்கள். இவர் கமராவை இறக்கிப் பார்த்திருக்கிறார். நடு ஆறு. பிறகு நேரே கப்பலோட்டியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "சேர், திஸ் டிபார்ச்சர் நோ குட்" என்றாராம். "வன் மோர் டைம்." கப்பலோட்டி, இது மினிகாப் கார் இல்லை, நினைத்த இடத்தில் திருப்பேலாது என்றிருக்கிறார். "சேர், ஹீரோயின் அவுட்சைட்" என்றாராம் இவர். அதற்குள் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து காலால் தட்டினால் எந்தக் கப்பலும் ஆடும்தானே.

கப்பல் ஆற்றில் நின்றது. பிறகு பின்பக்கமாக, மாடு கட்டைக்குத் திரும்புகிற மாதிரி, மெல்ல மெல்ல வந்தது. கப்பலோட்டி ஜன்னலால் தலையை நீட்டி என்னவோ சொன்னார். அது நல்ல வார்த்தையாய் இருக்காது என்றபடியால் நான் கேட்கவில்லை.

மது அன்னம் மாதிரி வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்துக் குதித்து ஓடினாள். வாசலில் அவர் நின்றார். கமரா கழுத்தில் தொங்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் நீட்டி அவளைப் பிடித்து உள்ளே இழுத்தார். சிநேகிதிகள் அவளைக் கட்டிப்பிடித்ததில் அவரும் நடுவில் மாட்டிக்கொண்டார். கப்பல் திரும்பவும் வெளிக்கிட்டது.

வரதன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு, "அக்கா, அந்த ஆள் இறங்கேல்லையே?" என்றார்.

இறங்கவில்லை. இறக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் யோகா. "பிள்ளையோட எங்கட ஆள் ஒராள் இருக்கிறது நல்லதுதானே." வரதனின் முகம் அதைக் கேட்டபிறகுதான் தெளிந்தது.

அந்தக் கொண்டாட்டத்தில் அவர் முழுக்க இருந்தார். பிள்ளைகள் அவரை மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டுக் கொடுத்தார்களாம். விசேஷ வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு, வடை முடிந்து, பாயாசம் முடிந்த பிறகு சாப்பிடுகிற மனிதன். ஆடவும் வைத்தார்கள். புரோமில் கடைசியாக ஒரு ராஜாவைத் தெரிவு செய்வார்களாம். கடதாசி முடியோடு வந்து இறங்கினார். அடுத்த நாள் காலையிலும் அந்த முடியைக் கழற்றாமல் என் சமையலறையில் இருந்து பாண் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ரீவிச் சத்தத்தைக் கூட்டினார்.

வில்லங்கம் பிறகுதான் வந்தது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால் சிவப்பு ரைப் பொடியன் இருக்கிறான், ரீச்சர் மூன்று தரம் நடக்கிறார், ஆராத்தி அணைகிறது, பிள்ளை தூரத்தில் குறுகிக் குறுகிப் போகிறாள். மது கப்பலில் ஏறுகிற கட்டம் இல்லை. அந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீரும் யாரோ ஒருவரின் சப்பாத்துப் போட்ட காலும்தான் இருந்தன.

"ஏறினது எங்க?" என்றாள் யோகா. "எனக்கு அதுதானே வேணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி நான் அவரைப் பார்த்ததில்லை. அவ்வளவு பேரைத் திருப்பித் திருப்பி நடக்க வைத்த மனிதனுக்கு, வேண்டிய இடத்தில் படம் இல்லை. "யோகா அக்கா, நான் அப்ப பிள்ளையைத்தான் பாத்தனான். கமராவைப் பாக்கேல்லை" என்றார்.

கதிரையில் இருந்த மது எழும்பினாள். "அங்கிள், நான் அந்த ட்ரெஸ்ஸைப் போட்டுக்கொண்டு வாறன். எங்க நிக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கப்பல் வந்தது. என் பச்சைக் கட்டில் விரிப்பை அவர் வேலியில் ஆணி அடித்துக் கட்டினார். பச்சைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரால் தேம்ஸ் ஆற்றைப் போடலாமாம். பழைய அலுமாரிக் கதவை இரண்டு செங்கல்லின் மேல் வைத்தார், அது ஏறு பலகை. வரதன் மேசைக் காற்றாடியைத் தூக்கிப் பிடித்துக் காற்று அடித்தார். மது அலுமாரிக் கதவில் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். அவர் எத்தனை தரம் சொன்னாரோ அத்தனை தரம். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அவர் போதும் என்ற பிறகும், "என்ர கை சரியா வரேல்லைப்போல" என்று தானே திரும்பிப் போனாள்.

மது இப்போது படித்து முடித்து வேறு ஊரில் வேலை. வீடியோக்காரர் கனடாவில் கல்யாணம் முடித்து அங்கேயே போய்விட்டார். வரதன் மட்டும் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவார். "மகள் கப்பல் ஏறுறா, பாருங்கோ" என்று சொல்லி, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் வைப்பார். எல்லாரும் ஆற்றைப் பார்க்கிறார்கள், பிள்ளையைப் பார்க்கிறார்கள், காற்றில் பறக்கிற நீலச் சட்டையைப் பார்க்கிறார்கள். இடது மூலையில், தேம்ஸ் ஆற்றுக்கு மேலே, என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் ஒன்று கொடியில் காய்கிறது. இதுவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நன்றாகத் தோய்த்த சாரம்தான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.